கொலைகாரன் யாரென்று தெரியும், ஆனால் இவன்தானா அவன்?

துப்பறியும் நாவல் என்றால் நமக்கு ஒரு வாய்ப்பாடு பழகிப்போயிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம், நடுவில் ஏழெட்டுப் பேர் மேல் சந்தேகம், கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் யார் என்ற விடை. நாஜி வேட்டை நாவலை, அதாவது போருக்குப் பின் தப்பி ஒளிந்த ஹிட்லரின் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் கதையை, முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இந்த வகையில் கொலைகாரன் பெயரைப் பின்னட்டையிலேயே போட்டிருப்பார்கள். அவன் எந்த முகாமில் இருந்தான், எந்த வருஷம், என்னென்ன செய்தான் என்பதெல்லாம் முதல் ஐம்பது அறுபது பக்கத்துக்குள் வந்துவிடும். அப்புறம் மிச்சப் பக்கங்களுக்கு என்னதான் சஸ்பென்ஸ்?

ஒரே ஒரு கேள்விதான். அடுத்த தெருவில், காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லும் இந்தப் பெரியவர், அவன்தானா?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. அந்த நவம்பரிலேயே நியூரம்பர்க் நகரில் பெரிய தலைகள் மேல் விசாரணை தொடங்கி, 1946 அக்டோபரில் 12 பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பாகி முடிந்தது. உலகத்துக்கு அத்தோடு கணக்குத் தீர்ந்த மாதிரி. ஆனால் ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்களைக் கொல்ல இருபது முப்பது பேர் போதாது. ஆட்களை ஏற்றிச் செல்ல ரயில் ஏற்பாடு செய்தவன், முகாமை நடத்திய தளபதி, வரிசையில் நின்றவர்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்த டாக்டர், காவலுக்கு நின்ற பெண் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அவர்களில் மிகப் பலர் எங்கேயும் ஓடவில்லை, சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்தார்கள். கடல் தாண்டி ஓடினவர்கள் கொஞ்சம் பேர்தான். நாவலாசிரியர்களுக்கு வேண்டியது இந்தக் கொஞ்சம் பேர்.

அவர்கள் ஓடிய வழிக்கு எலிப் பாதை என்று பெயர். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி, ரோமில் அலோய்ஸ் ஹூடால் போல நாஜிகள் மேல் பரிவு கொண்ட ஓர் ஆயரின் சிபாரிசு, அதை வைத்துப் பொய்ப் பெயரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயண ஆவணம், ஜெனோவா துறைமுகத்தில் கப்பல், இறங்கினால் பெரோன் ஆண்ட அர்ஜென்டினா. நாடு வீடு எல்லாம் போய் நின்ற அகதிகளுக்காக ஏற்பட்ட காகிதம் அது. அந்தக் கூட்டத்துக்குள் இவர்களும் புகுந்துகொண்டார்கள். அகதியாக்கியவனும் அகதியும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரி காகிதம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, பெயரை மாற்றியாயிற்று, நாட்டையும் மாற்றியாயிற்று. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு டி.என்.ஏ. சோதனை கிடையாது. எஸ்.எஸ். என்ற நாஜித் தனிப்படையினருக்கு ஒரு வழக்கம் இருந்தது: இடது மேற்கையின் உட்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, ரத்த வகையைச் சின்னதாகப் பச்சை குத்திவிடுவார்கள். போரில் அடிபட்டால் உடனே ரத்தம் ஏற்ற வசதி. தோற்ற பிறகு அதுவே வினையாகிவிட்டது, கைதிகளைச் சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொன்னாலே போதும். ஆஷ்விட்ஸ் முகாமின் டாக்டர் யோசஃப் மெங்கலே 1945ல் அமெரிக்கர்களிடம் பிடிபட்டுத் தப்பியதற்கு அவன் கையில் அந்தப் பச்சை இல்லாததும் ஒரு காரணம். சொந்தப் பெயரிலேயே பிடிபட்டு, சாதாரணச் சிப்பாய் போல வெளியே வந்துவிட்டான். இந்த நாவல்களில் யாராவது ஒரு கிழவர் கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தால் உஷாராகிவிடுங்கள்.

இந்த வகையின் அச்சாணி எது என்று கேட்டால் ஒரு நாவலைச் சொல்ல முடியாது, ஓர் உண்மைச் சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டும். அடால்ஃப் ஐக்மனைப் பிடித்த கதை. ஐரோப்பா முழுவதிலுமிருந்து யூதர்களை ரயிலேற்றி முகாம்களுக்கு அனுப்பும் வேலையை மேசையில் உட்கார்ந்து நடத்திய அதிகாரி அவன். 1950ல் ரிகார்டோ கிளமென்ட் என்ற பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தான். மனைவி மக்களையும் பின்னால் வரவழைத்துக்கொண்டான். இவன் பெயரை மாற்றினானே தவிர, மகன்கள் ஐக்மன் என்ற குடும்பப் பெயரோடுதான் வளர்ந்தார்கள். மூத்த மகன் ஒரு பெண்ணோடு பழகுகிறான். அந்தப் பெண்ணின் அப்பா லோத்தர் ஹெர்மன், டகாவ் முகாமில் இருந்துவிட்டு வந்தவர், யூத வம்சாவளி, கண்பார்வை கிட்டத்தட்ட போய்விட்டவர். பையனின் பேச்சும் பெயரும் அவருக்கு உறுத்தின. ஜெர்மனிக்குக் கடிதம் எழுதினார். அது ஹெஸ்ஸ மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பௌவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பௌவர் அதைத் தன் நாட்டுப் போலீஸிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அங்கே இருக்கும் யாராவது ஒரு பழைய நாஜி ஐக்மனுக்குத் தகவல் சொல்லிவிடுவான் என்று பயந்து, ரகசியமாக இஸ்ரேலுக்குச் சொன்னார். ஜெர்மன் சட்டப்படி அவரையே கம்பி எண்ண வைக்கக்கூடிய காரியம்.

இப்போது வரப்போகிற இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இந்த நாவல்களைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாத்தின் ஆள் ஒருவர் 1958 வாக்கில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தார். புவெனஸ் அயர்ஸ் நகரின் ஒலிவோஸ் பகுதியில் ஓர் எளிய வீடு. இவ்வளவு பெரிய நாஜி இவ்வளவு சின்ன வீட்டிலா இருப்பான் என்று திரும்பிவிட்டார். தகவல் சொன்னவருக்கோ கண் தெரியாது, அவர் எப்படி அடையாளம் காட்ட முடியும் என்று அதையும் ஓரமாகப் போட்டார்கள். தப்பியோடிய நாஜி என்றால் தங்கக் கட்டிகளோடு, பண்ணை வீட்டில், காவல் நாய்கள் சூழ இருப்பான் என்ற படம் உளவாளிகள் தலைக்குள்ளும் ஓடியிருக்கிறது. நாவல் எழுதப்படுவதற்கு முன்பே அவர்கள் நாவல் படித்திருந்தார்கள்! ஐக்மனோ பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

1959 டிசம்பரில் பௌவர் நேரில் இஸ்ரேலுக்கே போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. அதற்குள் ஐக்மன் குடும்பம் சான் ஃபெர்னாண்டோ பகுதியில் கரிபால்டி தெருவுக்கு மாறியிருந்தது. தானே கட்டிய செங்கல் வீடு, மின்சாரம்கூட இல்லை. ஆள் இவன்தானா என்று எப்படி உறுதி செய்வது? பெட்டிக்குள் கேமராவை ஒளித்து எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துக் காதின் அமைப்பை ஒப்பிட்டார்கள், முகம் எவ்வளவு மாறினாலும் காது அதிகம் மாறாதாம். இன்னொன்றும் சொல்வார்கள். 1960 மார்ச் 21 அன்று ஆள் கையில் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தான். ஐக்மனுக்குக் கல்யாணமான நாள் 1935 மார்ச் 21. வெள்ளிவிழா! மனைவிக்குப் பூ வாங்கியதில் மாட்டிக்கொண்டான் என்று எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால், நம்புகிற மாதிரி இல்லையே என்றுதான் நாம் சொல்லியிருப்போம்.

மே 11. வழக்கமாக அவன் இறங்கும் பஸ் மாலை 7:40க்கு வரும். சாலையோரம் ஒரு கார், பானெட்டைத் தூக்கி வைத்து ரிப்பேர் பார்ப்பது போல ஆட்கள். பஸ் வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. போய்விடலாமா என்று நினைக்கும் நேரத்தில், எட்டு மணி தாண்டி, கும்மிருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது. பீட்டர் மால்கின் என்ற ஆள் குறுக்கே போய், ஒரு நிமிஷம் ஐயா என்று ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே மேலே பாய்ந்தார். கையில் உறை போட்டிருந்தார், அந்த வாயைத் தன் விரலால் தொடப் பிடிக்கவில்லை என்பது அவர் பின்னால் சொன்ன காரணம். ஒன்பது நாள் ஒரு வாடகை வீட்டில் ஒளித்து வைத்து, மயக்க மருந்து கொடுத்து, விமான ஊழியர் உடுப்பு மாட்டி, உடம்பு சரியில்லாத சக ஊழியர் என்று சொல்லி விமானம் ஏற்றினார்கள். 1961ல் ஜெருசலேமில் விசாரணை. 1962ல் தூக்கு.

இந்தச் செய்திக்கு அப்புறம்தான் நாஜி வேட்டை என்பது நாவல் சந்தைக்கு நல்ல சரக்கு என்று பதிப்பாளர்களுக்குப் புரிந்தது என்பேன். 70களில் வந்த மூன்று நாவல்கள் இந்த வகைக்கு உருவம் கொடுத்தன.

முதலாவது, ஃப்ரெடெரிக் ஃபோர்சைத்தின் 'தி ஒடெஸ்ஸா ஃபைல்', 1972. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 இரவு, ஹாம்பர்க் நகரில் பீட்டர் மில்லர் என்ற இளம் நிருபர் ரேடியோவில் சேதி கேட்டுக் காரை ஓரம் கட்டுகிறான். அப்போது ஓர் ஆம்புலன்ஸ் கடந்து போகிறது, சும்மா பின்னால் போகிறான். தற்கொலை செய்துகொண்ட ஒரு யூதக் கிழவர். அவர் விட்டுப்போன நாட்குறிப்பு மில்லர் கைக்கு வருகிறது. லாட்வியாவில் யூதர்களை அடைத்து வைத்த ரிகா கெட்டோவின் தளபதியாக இருந்த எடுவார்ட் ரோஷ்மன் செய்ததெல்லாம் அதில் இருக்கிறது. கிழவர் கற்பனை, ரோஷ்மன் நிஜ ஆள். கேள்வி கேட்கக் கேட்க எல்லாக் கதவும் சாத்தப்படுகிறது, முன்னாள் எஸ்.எஸ். ஆட்களைக் காப்பாற்றும் ஒடெஸ்ஸா என்ற ரகசிய அமைப்பு மில்லரைக் கொல்ல ஆள் அனுப்புகிறது.

ஃபோர்சைத் நிருபராக இருந்தவர், அது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். போலி அடையாளம் எப்படித் தயாராகும், முன்னாள் எஸ்.எஸ். ஆள் போல நடிக்க என்னென்ன மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதை வேலை சொல்லிக்கொடுக்கிற மாதிரி எழுதுவார். மில்லரின் காருக்கு அடியில் வெடிகுண்டு வைக்கிறார்கள், ஆனால் அது ஜாகுவார், அதன் ஸ்பிரிங் அவ்வளவு கெட்டியாக இருப்பதால் குண்டின் விசை அமுங்கவே மாட்டேன் என்கிறது, இவன் பாட்டுக்கு அதன் மேலேயே உட்கார்ந்து ஊர் ஊராகச் சுற்றுகிறான். சஸ்பென்ஸ் என்றால் இது. ஆனால் என்னைக் கேட்டால் நாவலின் உயிர் துரத்தலில் இல்லை, அந்த நாட்குறிப்பு அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் சினிமாத்தனமாகத்தான் தெரியும்.

ஒடெஸ்ஸா நிஜமா என்று எல்லோரும் கேட்பார்கள். தப்பிக்க உதவிய ஆட்களும் சின்னச் சின்னக் கூட்டங்களும் இருந்தார்கள், அது நிஜம். ஆனால் உலகமெங்கும் கிளை பரப்பி, ஒரே தலைமையின் கீழ் இயங்கிய மாபெரும் அமைப்புக்கு ஆதாரமில்லை என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அந்தப் பெயரைப் பரப்பியதில் வியன்னாவில் ஆவண மையம் நடத்திய சைமன் வீசென்தாலுக்குப் பெரிய பங்கு. மௌத்ஹௌசன் முகாமிலிருந்து பிழைத்து வந்த அவர் நாவலில் சொந்தப் பெயரிலேயே வருகிறார், எழுதும்போது ஃபோர்சைத்துக்கு யோசனையும் சொல்லியிருக்கிறார்.

நாவலுக்கு ஏன் இப்படி ஒரு ராட்சச அமைப்பு தேவைப்படுகிறது? நிஜத்தில் நடந்ததை வைத்துத் திகில் நாவல் எழுத முடியாது என்பதுதான் காரணம். டிரெப்ளிங்கா முகாமின் தளபதி ஃப்ரான்ஸ் ஷ்டாங்கல் பிரேசிலில் சொந்தப் பெயரில் வாழ்ந்தான், ஆஸ்திரியத் தூதரக அலுவலகத்தில் அந்தப் பெயரையே பதிந்தும் வைத்திருந்தான், 1967ல் கைதாகும்போது கார் தொழிற்சாலையில் வேலை. மெங்கலே 1956ல் மேற்கு ஜெர்மன் தூதரகம் மூலமாகத் தன் சொந்தப் பெயரில் பாஸ்போர்ட்டே வாங்கினான். பிரான்ஸின் லியோன் நகரில் கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸின் அதிகாரியாக இருந்த கிளவுஸ் பார்பியைப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவ உளவுத்துறை வேலைக்கு வைத்துக்கொண்டது, பிரான்ஸ் கேட்டபோது 1951ல் பொலிவியாவுக்கு அனுப்பியும் வைத்தது. இதில் ரகசிய மோதிரம் எங்கே, சங்கேத வார்த்தை எங்கே? யாரும் தேடவில்லை, தேட விரும்பவில்லை, ரஷ்யாவோடு பனிப்போர் வந்துவிட்டது, அவரவருக்கு வேறு வேலை. அலட்சியத்தை வில்லனாக நிறுத்தி முந்நூறு பக்கம் ஓட்டுவது கஷ்டம். அதனால் ஒரு சதிக்கூட்டத்தை வில்லனாக்கிவிடுகிறார்கள். நல்ல நாவல்களில் அந்த அலட்சியமும் ஓரமாகத் தெரியும், மில்லரிடம் இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அந்த இடங்களில்.

வேடிக்கை என்னவென்றால் சில சமயம் நாவல் போய் நிஜத்தை இடித்திருக்கிறது. 1974ல் 'தி ஒடெஸ்ஸா ஃபைல்' படமானது, நிஜ ரோஷ்மன் அப்போது அர்ஜென்டினாவில் உயிரோடுதான் இருந்தான். பெயர் ஊரெல்லாம் அடிபட்டது, ஜெர்மனி அவனை ஒப்படைக்கக் கேட்டது, பராகுவேக்கு ஓடினான், 1977 ஆகஸ்டில் அசுன்சியோன் நகரில் செத்துப்போனான்.

இரண்டாவது, ஐரா லெவினின் 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்', 1976. சாவோ பாவ்லோவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் மெங்கலே ஆறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான்: பல நாடுகளில், குறிப்பிட்ட தேதிகளில், 94 ஆண்களைக் கொல்ல வேண்டும். எல்லோரும் 65 வயதை ஒட்டியவர்கள், சாதாரண அரசு உத்தியோகஸ்தர்கள். எதற்கு? அதைச் சொல்ல மாட்டேன். வீசென்தாலை மனதில் வைத்து எழுதிய லீபர்மன் என்ற வேட்டைக்காரர் இதில் காசில்லாத, களைத்துப்போன, யாரும் கூப்பிட்டு மதிக்காத ஒரு கிழவர், அதுதான் நாவலின் அழகு. 1978ல் கிரெகரி பெக் மெங்கலேயாக நடித்த படம் வந்தபோது நிஜ மெங்கலே அதே பிரேசிலில் ஒளிந்துகொண்டிருந்தான். அடுத்த பிப்ரவரியில் பெர்ட்டியோகா கடற்கரையில் குளிக்கப் போய் மூழ்கிச் செத்தான், வேறொருவர் பெயரில் புதைத்தார்கள். 1985ல் தோண்டி எடுக்கும்வரை உலகம் இல்லாத ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, வில்லியம் கோல்ட்மனின் 'மாரத்தான் மேன்', 1974. பராகுவேயில் பதுங்கியிருந்த நாஜிப் பல் டாக்டர் ஒருவன் வைரத்துக்காக நியூயார்க் வருகிறான். விலை விசாரிக்க அவன் போக வேண்டிய இடமோ 47வது தெரு, கடைக்குக் கடை யூதர்கள். முகாமில் இருந்த ஒரு கிழவி அவனைக் கண்டுகொண்டு நடுத்தெருவில் அலறுகிறாள், சுற்றியிருப்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இரண்டு மூன்று பக்கம் போதும் எனக்கு. படத்தில் அந்தப் பல் டாக்டராக நடித்த லாரன்ஸ் ஒலிவியேதான் இரண்டு வருஷம் கழித்து லெவின் கதையில் வேட்டைக்காரர் லீபர்மன்.

அடையாளம் காண்பது ஒரு பக்கம் என்றால், கடிகாரம் இன்னொரு பக்கம். மேற்கு ஜெர்மனியில் கொலைக்கே 20 ஆண்டுக் காலாவதி இருந்தது, அதற்குப் பிறகு வழக்குப் போட முடியாது, 1945 மேயிலிருந்து எண்ணினால் 1965 மேயோடு எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். 1965ல் ஒரு தடவை, 1969ல் ஒரு தடவை என்று நீட்டி, 1979ல்தான் கொலைக்குக் காலாவதியே கிடையாது என்று ஆக்கினார்கள். ஃபோர்சைத் கதை 1963ல் தொடங்குவதன் அவசரம் இப்போது புரியும். சட்டத்தின் கடிகாரம் நின்றாலும் உடம்பின் கடிகாரம் நிற்காது, குற்றவாளியும் சாட்சியும் சேர்ந்தே கிழமாகிறார்கள்.

சாட்சி கிழமானால் என்ன ஆகும்? ஜான் தெம்யான்யுக் வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் கார்த் தொழிலாளியாக இருந்த இவர்தான் 'பயங்கர இவான்' என்று கைதிகள் அழைத்த டிரெப்ளிங்காவின் கொடூரக் காவலன் என்று பிழைத்தவர்கள் நேருக்கு நேர் அடையாளம் காட்ட, 1988ல் இஸ்ரேல் மரண தண்டனை விதித்தது. 1993ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அந்த இவான் வேறு ஆளாக இருக்கலாம் என்று சோவியத் ஆவணங்கள் காட்டின. அதற்காக இவர் அப்பாவி என்றும் ஆகிவிடவில்லை. 2011ல் மியூனிக் நீதிமன்றம் சோபிபோர் முகாமில் காவலராக இருந்ததற்காகத் தண்டித்தது, மேல்முறையீடு முடிவதற்குள் இறந்துவிட்டார். இவன்தானா அவன் என்ற கேள்விக்கு இவன் அவன் இல்லை, ஆனால் இவனும் ஒருவன் என்று பதில் வந்தால் என்ன செய்வது? 70களின் நாவல்கள் இந்த இடத்துக்கு வரவே இல்லை.

எதில் தொடங்கலாம் என்றால், ஃபோர்சைத். நான் முதலில் வாங்கியது நடைபாதைக் கடைப் பிரதி, கடைசி இருபது பக்கம் கிழிந்து போயிருந்தது. பரவாயில்லை, வில்லன் யாரென்று தெரியும், பிடித்திருப்பார்கள் அல்லது விட்டிருப்பார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். அந்த நிருபர் நாட்குறிப்பைப் படித்து மனம் கலங்கித்தான் இவ்வளவும் செய்தான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பிரதி கிடைத்தபோதுதான் தெரிந்தது, ஃபோர்சைத் ஆரம்பத்திலிருந்தே மறைத்து வைத்திருந்தது வேட்டைக்காரன் ஏன் வேட்டையாடுகிறான் என்பதை. பழைய புத்தகமாக வாங்கினால் காசு கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பதோடு நிறுத்துங்கள், படித்துவிடாதீர்கள்.